சம்பளமும் வேணும், மனசும் நிறையணும்: ஒரு முன்சீப் கத்துக்கொடுத்த பாடம்

ஓம் சரவணபவ.



இந்த வாரப் பாடம் தல வரலாறும் இல்லை, விரத முறையும் இல்லை. நம்ம குழுவில் இருக்கும் என் வயசுக்காரர்கள் நிறைய பேர் தனியாக மெசேஜ் போட்டுக் கேட்கிற ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கேன். "வேலை இருக்கு. சம்பளம் ஒண்ணாம் தேதி வந்துடுது. ஆனா மனசு நிறையவே மாட்டேங்குது. விட்டுட்டு மனசுக்குப் பிடிச்சதைப் பண்ணலாமா?"

பெரிய ஞானிகள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. நான் ஞானி இல்லை. எஞ்சினியரிங் முடிச்சுட்டு ஏழு வருஷமா சாஃப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் இதே கேள்வியோடு இரண்டு வருஷம் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். அப்போது முருகன் எனக்குக் காட்டிய ஒரு வழியை அப்படியே எழுதுகிறேன். எடுத்துக்கொள்வது உங்கள் விருப்பம்.

டிராஃப்ட்டில் கிடந்த ராஜினாமா

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் விண்ணப்பப் படிவம். அதில் ஆட்கள் பெயர், பிறந்த தேதி, பாலிசி எண் எல்லாம் நிரப்புவார்கள். தேதி போட வேண்டிய கட்டத்தில் யாராவது எழுத்தைப் போட்டால் சிவப்புக் கோடு வர வேண்டும். பிறந்த தேதி நாளைய தேதியாக இருந்தால் தடுக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பு விதிகளை எழுதுவதுதான் என் ஏழு வருஷ உத்தியோகம். ஒரு முறை ஒரு பட்டனை வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் நகர்த்துவதற்கு மூணு வாரம் மீட்டிங் நடந்தது. அன்னைக்கு ராத்திரி சோழிங்கநல்லூர் ரூமில் உட்கார்ந்து, "முருகா, இதுக்கா என்னைப் பெத்தாங்க?" என்று வாய்விட்டே கேட்டேன்.

அதன்பிறகுதான் ராஜினாமா கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. டிராஃப்ட்டில் வைத்திருந்தேன். திட்டமும் ரெடி. வேலையை விட்டுவிட்டு முருகன் கோயில்களைப் பற்றி வீடியோ சேனல் ஆரம்பிப்பது. ஊர் ஊராகப் போவது, தல வரலாறு சொல்வது, அதிலேயே பிழைப்பது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கையிருப்பு 1,40,000 ரூபாய். அரக்கோணத்தில் அப்பா கட்டிய வீட்டுக்கு இ.எம்.ஐ. 18,500. அம்மாவின் சர்க்கரை மாத்திரை, ரூம் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து மாசச் செலவு 42,000. வகுத்துப் பார்த்தால் மூணு மாசமும் பத்து நாளும். பதினோராவது நாள் என்ன பண்ணுவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் லேசாகப் பேச்சை எடுத்தேன். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். திட்டவில்லை. "முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சேன்பா. எனக்கு அது பிடிச்சுதா பிடிக்கலையான்னு யாருமே கேக்கலை. நானும் கேட்டுக்கலை" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வரி எனக்கு ஒரு வாரம் சோறு இறங்க விடவில்லை.

திருத்தணிப் படியில்

அந்த வருஷம் டிசம்பர் 31 திருத்தணி போனேன். நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சூரசம்ஹாரம் முடிந்து முருகன் சினம் தணிந்த மலை அது. எனக்குள்ளும் தணிய வேண்டிய கோபம் நிறைய இருந்தது. மலைக்கு 365 படிகள், வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. அன்றைக்குப் படித் திருவிழா. படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள்.

பாதி தூரத்தில் மூச்சு வாங்கி ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். மடியில் தடிமனான திருப்புகழ் புத்தகம். என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். குரலில் சலிப்பு தெரிந்திருக்கும் போல.

"இந்தப் புஸ்தகத்தை நம்ம கையில குடுத்தது யாருன்னு தெரியுமா தம்பி?" என்றார்.

"அருணகிரிநாதர்தானே ஐயா?"

"அவர் பாடினது 15-ஆம் நூற்றாண்டு. அதுக்கப்புறம் நானூறு வருஷம் ஓலையில சிதறிக் கிடந்துச்சே, அதை யாரு பொறுக்கிச் சேர்த்தாங்கன்னு கேட்டேன். கோர்ட்டு உத்தியோகம் பார்த்த ஒரு மனுஷன். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான், உன்னை மாதிரி."

பாட்டு அடுத்த படிக்கு நகர்ந்தது. அவரும் எழுந்து போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வழக்கில் வந்த பாட்டு

அந்த மனிதர் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. 1846-இல் பிறந்தவர். நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்து, ஜில்லா முன்சீப் ஆனவர்.

1871-இல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. சிதம்பரம் தீட்சிதர்கள் சம்பந்தப்பட்டது. தங்கள் பெருமைக்கு ஆதாரமாக அவர்கள் ஒரு திருப்புகழ்ப் பாடலை எடுத்துச் சொன்னார்கள். தில்லை மூவாயிரவரைப் பற்றி அருணகிரியார் பாடிய பாட்டு. கோர்ட்டில் ஆதாரமாக வந்த அந்தப் பாட்டு சுப்பிரமணிய பிள்ளையின் மனசில் போய் உட்கார்ந்துவிட்டது. இவ்வளவு அழகான பாட்டா, இதைப் போல இன்னும் எத்தனை எங்கெங்கே கிடக்கிறதோ என்ற எண்ணம் அவரை விடவில்லை.

அதன்பிறகு அவர் ஊர் ஊராக விசாரித்து ஏடுகளையும் கைப்பிரதிகளையும் சேர்த்தார். அருணகிரியார் பதினாறாயிரம் பாடல்கள் பாடினார் என்று சொல்வது வழக்கம். இன்று நமக்குக் கிடைத்திருப்பது 1,300-க்குச் சற்று மேல். முதல் தொகுதி அச்சில் வந்தது 1890-களில். பாட்டைக் கேட்டது 1871. நடுவே இருபது வருஷத்துக்கும் மேல்! 1909-இல் அவர் காலமானார்.

இதில் நான் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு. அந்தப் பாட்டு அவருக்குக் கோயிலில் கிடைக்கவில்லை, கோர்ட்டில் கிடைத்தது. அலுப்புத் தட்டும் ஆபீஸ் நாள் ஒன்றில், யாரோ இரண்டு தரப்பின் வழக்குக் கட்டுக்குள் மடித்து வைத்து முருகன் அனுப்பியிருக்கிறார். "இந்த உத்தியோகத்தில் என்ன இருக்கு" என்று அவர் முன்னாலேயே எழுந்து போயிருந்தால் அந்தப் பாட்டு அவர் காதில் விழுந்திருக்குமா?

வள்ளியம்மை கதையும் அதுதானே. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று, கிளியும் குருவியும் கதிரைத் தின்னாமல் கவண் கல் எறிந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் சொன்ன வேலை. நாள் முழுக்க வெயில். முருகன் தேடி வந்தது அந்தப் பரணுக்குத்தான்.

மகன் பார்த்த பதிவு ஆபீஸ்

கதை அப்பாவோடு முடியவில்லை. அவருடைய மகன்தான் தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை. 1883-இல் பிறந்து 1972-இல் மறைந்தவர். செங்கல்வராயன் என்பதே திருத்தணி முருகன் பெயர். எம்.ஏ. படித்துவிட்டுப் பத்திரப் பதிவுத் துறையில் உத்தியோகம் பார்த்தார். இன்று நாம் திருப்புகழுக்கு அர்த்தம் தெரிந்து பாடுகிறோம் என்றால் அதற்கு அவர் எழுதிய உரை பெரிய காரணம். அருணகிரியார் நூல்களை முருகவேள் பன்னிரு திருமுறையாக வகுத்துத் தந்ததும் அவர்தான்.

தேவாரத்துக்கும் திருவாசகத்துக்கும் திருப்புகழுக்கும் 'ஒளிநெறி' என்று நூல்கள் செய்தார். ஒரு விஷயத்தைப் பற்றிப் பாடல்களில் எங்கெங்கே வருகிறது என்று தலைப்பு வாரியாகப் பிரித்து அடுக்கிய நூல்கள் அவை. கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைத் தட்டித் தேடுகிறோமே, அந்த மாதிரி வேலையைக் கையால் செய்திருக்கிறார்.

பத்திரப் பதிவு ஆபீஸ் போயிருப்பவர்களுக்குத் தெரியும். அங்கே எல்லாமே அட்டவணைதான். எந்த நிலம், எந்த வருஷம், யார் பேர், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். ஒரு எண் தப்பினால் ஒரு குடும்பத்தின் சொத்தே சிக்கலாகிவிடும். அந்த ஒழுங்கில் வருஷக்கணக்காகப் பழகிய ஒருவர் தேவாரத்தைக் கையில் எடுத்தால் ஒளிநெறி பிறக்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை. அப்பா முன்சீப். இரண்டு தரப்பு ஆதாரத்தையும் வைத்து எது உண்மை என்று பார்ப்பது அவர் தொழில். இரண்டு ஏட்டில் ஒரே பாட்டு இரண்டு விதமாக இருந்தால் எது சரி என்று பார்ப்பதற்கும் அதே கண் வேண்டும்.

இது என் ஊகம்தான், அவர்கள் இப்படிச் சொன்னதாக நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊகம்தான் என் வாழ்க்கையைத் திருப்பியது. பிழைப்புக்குப் பார்க்கும் வேலை சோறு மட்டும் போடுவதில்லை. நமக்கே தெரியாமல் கைக்கு ஒரு பழக்கத்தையும் கொடுக்கிறது. அந்தக் கைப்பழக்கத்தை நாம் நேசிக்கிற ஒன்றின் காலடியில் கொண்டுபோய் வைக்க முடியுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. "வேலையை விடலாமா" என்பது அதற்கு அப்புறம்தான்.

இது புதுசு இல்லை

நம் மொழியில் இது ரொம்பப் பழசு. சங்கப் புலவர்கள் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், துணி வியாபாரி. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், தானிய வியாபாரி. உறையூர் மருத்துவன் தாமோதரனார், வைத்தியர். தங்கால் பொற்கொல்லனார், தட்டார். பாட்டுக் கட்டியவர்கள் தங்கள் தொழிலை மறைக்கவில்லை. தொழிலும் பெயரோடு சேர்ந்தே இரண்டாயிரம் வருஷம் வந்திருக்கிறது.

திருமுருகாற்றுப்படை நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அது அடங்கிய பத்துப்பாட்டை 1889-இல் அச்சில் கொண்டுவந்தவர் உ.வே.சாமிநாதையர். அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

நம் காலத்துக்கு வருவோம். 1998 பொங்கலை ஒட்டி 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்க வைக்கும் முயற்சி. அதைத் தொடங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தில் லொசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்தவர். பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்தார்கள், பிழை பார்த்தார்கள். அவரவர் பிழைப்பு அவரவருக்கு வேறாக இருந்தது.

விட்டுவிட்டுப் போனவரும் உண்டு

இங்கே ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. நான் உட்கார்ந்திருந்த அந்தப் படித் திருவிழாவை ஏற்படுத்தியவர் வள்ளிமலை சுவாமிகள். வெள்ளைக்கார ஆட்சிக் காலம். புத்தாண்டு அன்று மாலையோடு போய் வெள்ளைக்கார துரைகளைப் பார்க்கும் பழக்கம் இருந்தது. அதை மாற்றி, முதலில் தணிகைத் துரையைப் பார்ப்போம் என்று டிசம்பர் 31 இரவு படி ஏற வைத்தார். அவர் முன்பு மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். பழனியில் திருப்புகழ் கேட்டு உருகினார். பிறகு எல்லாவற்றையும் விட்டார். 1950-இல் மறையும் வரை திருப்புகழே மூச்சு.

அப்படியானால் விடுவதும் ஒரு வழிதானே? ஆமாம், வழிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் விட்டபோது திருப்புகழிடம் சம்பளம் கேட்கவில்லை. அது தனக்கு மாசா மாசம் வருமானம் தரணும் என்ற நிபந்தனையோடு போகவில்லை. துறவியாகப் போனார்.

என் திட்டம் அப்படி இல்லையே! நான் முருகனிடம் 18,500 ரூபாய் இ.எம்.ஐ. கட்டச் சொல்லப் போகிறவன். என் சேனலுக்கு ஆள் வரவில்லை என்றால் என்ன செய்வேன்? நானே யோசித்துப் பார்த்தேன். நாலாவது மாசம் "இந்த 3 ராசிக்காரர்களுக்கு முருகன் தரும் அதிர்ச்சி" என்று தலைப்புப் போட ஆரம்பித்துவிடுவேன். சிரிக்காதீர்கள், வாடகை கேட்டு ஓனர் கதவைத் தட்டினால் யாரும் போடுவார்கள். அப்புறம் எனக்குப் பிடித்த அந்த ஒண்ணும் பிடிக்காமல் போய்விடும். இருந்ததும் போச்சு, நினைச்சதும் போச்சு.

சேனல் வைத்து நேர்மையாகப் பிழைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

'ர'வும் காலும்

இப்போது நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பெரிய சாதனை எதுவும் இல்லை.

பழைய முருகன் நூல்களை இணையத்தில் ஏற்றும் ஒரு சின்னத் தன்னார்வக் குழுவில் சேர்ந்தேன். தல புராணம், பிள்ளைத்தமிழ் மாதிரி நூல்கள். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளில் போட்டால் அது எழுத்தாக மாற்றித் தரும். ஆனால் தப்பும் தவறுமாகத் தரும். முக்கியமாக 'ர' என்ற எழுத்தும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்று போல இருப்பதால் 'பாடி' என்பதை 'பரடி' என்று படித்துவிடும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முந்தைய புத்தகம் என்றால் பழைய 'ணை', 'லை', 'னை' வடிவங்களைப் பார்த்து இன்னும் குழம்பும்.

இதில் எனக்குப் புல்லரித்த விஷயம் ஒன்று. ஓலைச்சுவடியிலும் இதே சிக்கல்தான். ஏட்டில் 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் ஒரே கோடு. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. படிப்பவர்தான் இடம் பார்த்துப் பிரிக்க வேண்டும். அன்றைக்கு ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முன்சீப் கண்ணைச் சுருக்கிப் பார்த்த அதே எழுத்தை, 150 வருஷம் கழித்து நான் லேப்டாப்பில் பார்க்கிறேன்.

முதல் மாசம் வரிவரியாகக் கண்ணால் திருத்தினேன். பிறகு ஒரு நாள் மண்டையில் பல்பு எரிந்தது. தேதிக் கட்டத்தில் எழுத்து வந்தால் சிவப்புக் கோடு போடுவதுதானே ஏழு வருஷமா நம்ம பிழைப்பு? செய்யுளுக்கும் கட்டம் இருக்கே!

ஒரு விருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு அடியும் சீர்க்கணக்கில் ஒத்திருக்க வேண்டும். நாலு அடியின் தொடக்கத்திலும் எதுகை வர வேண்டும், அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பாடி, நாடி, தேடி, கூடி என்று நாலு அடி தொடங்கினால் எல்லாவற்றிலும் இரண்டாம் எழுத்து 'டி'. மென்பொருள் அதை 'பரடி' என்று படித்திருந்தால் இரண்டாம் எழுத்து 'ர' ஆகிவிடும். எதுகை உடைந்த இடம் பளிச்சென்று தெரியும். சந்தப் பாடல் என்றால் இன்னும் வசதி. எந்த இடத்தில் குறில், எந்த இடத்தில் நெடில் என்று அடிக்கு அடி ஒரே அச்சு. மாறினால் பிடித்துவிடலாம்.

மூணு சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். சீர்க்கணக்கு, எதுகை, குறில் நெடில், மூணையும் பார்க்கும். ஒத்துவராத இடத்தில் சிவப்புக் கோடு. அதே சிவப்புக் கோடு! ஆபீஸில் போடும்போது அலுத்துப்போன அந்தக் கோடு, ஒரு பிள்ளைத்தமிழின் நடுவில் வந்து நின்றபோது கண் கலங்கிவிட்டது எனக்கு.

எல்லாப் பிழையையும் அது பிடிக்காது. 'ன', 'ண' குழப்பத்தைச் சந்தம் காட்டிக்கொடுக்காது. அதற்கு எங்கள் குழுவில் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அம்மா இருக்கிறார்கள். நிரல் காட்டும் இடத்தை நான் பார்ப்பேன், நிரலுக்குத் தெரியாததை அவர்கள் பார்ப்பார்கள். முன்பு பத்துப் பக்கம் திருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். இப்போது காலை டிபனுக்கு முன்னால் முடிகிறது.

ராஜினாமா கடிதம்? டிராஃப்ட்டில் இருந்து நானே அழித்துவிட்டேன். பழைய கம்பெனியில்தான் இன்னும் இருக்கிறேன். வேலை திடீரென்று இனிக்க ஆரம்பிக்கவில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் "இதுக்கா என்னைப் பெத்தாங்க" என்று ராத்திரி கேட்பது நின்றுபோச்சு. இழந்ததும் உண்டு. சனிக்கிழமை வேலை பார்க்க ஒத்துக்கொள்ளாததால் ஒரு பதவி உயர்வு என் கையை விட்டுப் போனது. என்கூடச் சேர்ந்தவன் இப்போது எனக்கு மேலதிகாரி. அது வலிக்கத்தான் செய்தது. இரண்டும் முழுசாக வேணும் என்றால் கிடைக்காது, எதை எவ்வளவு விடலாம் என்று நாம்தான் முடிவு பண்ணணும்.

செய்து பார்க்க ஐந்து விஷயம்

1. ஒரு பேப்பர் எடுத்து, உங்கள் வேலை உங்கள் கைக்கு என்ன பழக்கம் கொடுத்திருக்கிறது என்று எழுதுங்கள். பதவிப் பெயர் வேண்டாம். கணக்குச் சரிபார்ப்பது, கோபமாக வரும் ஆளிடம் பொறுமையாகப் பேசுவது, வண்டி ஓட்டுவது, பொருளை அடுக்கி வைப்பது, இப்படி எழுதுங்கள். அப்பாவைக் கேட்டு எழுதினபோது "கூட்டத்துல ஒருத்தரையும் விடாம பார்க்கிற கண்ணு" என்றார். இப்போது எங்கள் ஊர் முருகன் கோயில் அன்னதானத்தில் பந்தி விசாரிப்பது அவர்தான். யாருக்குச் சாம்பார் வரலை என்று அவர் கண்ணுக்குத் தப்பாது.

2. அந்தக் கைப்பழக்கம் யாருக்குத் தேவை என்று தேடுங்கள். "எனக்கு எது பிடிக்கும்" என்று கண்ணை மூடி யோசித்தால் பதில் வராது, தலைவலிதான் வரும். கோயில், பள்ளிக்கூடம், நூலகம், பக்கத்து வீடு என்று கண்ணைத் திறந்து பார்த்தால் தேவை தெரியும்.

3. நேரத்தை முதலில் சின்னதாக ஒதுக்குங்கள். வாரத்துக்கு மூணு மணி நேரம் போதும். ஆனால் அதே கிழமை, அதே நேரம். திருத்தணி மலையை யாரும் ஒரே தாவலில் ஏறியதில்லை, நாளுக்கு ஒரு படி என்றாலும் வருஷக் கடைசியில் மேலே நிற்கலாம். ஆறு மாசம் விடாமல் செய்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அது உண்மையான ஆசை. ஆறாவது வாரமே அலுத்துவிட்டால், நல்லவேளை, வேலையை விடவில்லை என்று முருகனுக்கு நன்றி சொல்லுங்கள்.

4. விடத்தான் வேண்டும் என்றால் கணக்கோடு விடுங்கள். பொய் சொல்லச் சொல்லும் வேலை, உடம்பைக் கெடுக்கும் வேலை, மரியாதை இல்லாத இடம், இவற்றில் இருந்து வெளியே வருவது தப்பே இல்லை. அதைப் பக்தியின் பேரில் சகித்துக்கொள்ளச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் அடுத்த வேலை கையில் வந்தபிறகு, அல்லது ஆறு மாசச் செலவுக்குக் கையில் பணம் சேர்ந்தபிறகு வாருங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். மூணு மாசம் பத்து நாள் என்ற என் கணக்கை அம்மாவிடம் நான் காட்டவே இல்லை. அது நான் செய்த பெரிய தப்பு.

5. பிடித்ததின் மேல் பாரத்தை ஏற்றாதீர்கள். அது வருமானமும் தரணும், பேரும் தரணும், உடனே தரணும் என்றால் தாங்காது. சுப்பிரமணிய பிள்ளை பாட்டைக் கேட்டதற்கும் புத்தகம் வந்ததற்கும் நடுவே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. அத்தனை வருஷமும் அவர் வீட்டு அடுப்பு கோர்ட்டுச் சம்பளத்தில் எரிந்தது, திருப்புகழும் சேர்ந்துகொண்டே வந்தது. ஒன்றுக்கு ஒன்று பகை இல்லை.

கடைசியாக

'வேலை' என்ற சொல்லுக்குள்ளேயே வேல் இருக்கிறது என்று நம் குழுவில் அடிக்கடி சொல்வோம். பழந்தமிழில் வேலை என்றால் கடல் என்றும் அர்த்தம் உண்டு. சூரன் போய் ஒளிந்ததும் கடலில்தான், வேல் அவனைத் தேடிப் பிடித்ததும் அங்கேதான். தோற்ற சூரனை முருகன் என்ன செய்தார்? ஒரு பாதியை மயிலாக்கி ஏறிக்கொண்டார், மறு பாதியைச் சேவலாக்கிக் கொடியில் வைத்துக்கொண்டார். எதிர்த்து நின்றதையே வாகனமாக்கிக்கொண்டார் நம்ம சாமி. திங்கட்கிழமை காலையில் எதிர்த்து நிற்பது போலத் தெரியும் அந்த ஆபீஸையும் அப்படி ஒரு தடவை பாருங்களேன். அது மயில் ஆகுமா என்று ஆறு மாசம் முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் கடிதத்தை எழுதலாம்.

அடுத்த டிசம்பர் 31-க்குத் திருத்தணி போகும்போது அந்தத் தபால் ஆபீஸ் பெரியவரைப் படியில் தேடணும். கண்ணில் பட்டால் எங்கள் குழு முடித்த பிள்ளைத்தமிழை அவர் கையில் கொடுக்கணும் என்று ஒரு ஆசை. அச்செடுத்து வைத்திருக்கேன்.

இதைப் படிக்கும்போது வேலையில் மனசு ஒட்டாமல் தவிக்கும் ஒருத்தர் முகம் உங்கள் நினைவுக்கு வந்தால், அவருக்கு மட்டும் அனுப்புங்கள். உங்கள் கைப்பழக்கம் என்னவென்று எழுதிப் பார்த்தவர்கள் குழுவிலும் சொல்லுங்கள். யாருக்காவது அது தேவையாக இருக்கும்.

வேலும் மயிலும் துணை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!